ஆமையும் நலம்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நான், உன் அத்தான், அவருடைய முதுகுவலி மூவரும் நலம். அங்கு உன் நலமும், செவ்வாயில் ஊர்ந்துகொண்டிருக்கும் உங்கள் ஆமை வண்டியின் நலமும் அறிய ஆவல்.

படம் மடங்காமல் வந்து சேர்ந்தது. உறைக்குள் அட்டை வைத்தது நல்ல யோசனை. தபால்காரர் தடவிப் பார்த்துவிட்டு, "எக்ஸ்ரேவாம்மா? யாருக்கு அடி?" என்றார். இல்லை, செவ்வாய்க் கிரகம் என்றேன். "கவலைப்படாதீங்க, சீக்கிரம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊரே இந்தப் படங்களைப் போனில் பார்க்கும்போது நான் மட்டும் எதற்குத் தபாலுக்குக் காத்திருக்கிறேன் என்று கடை முதலாளி கேட்டார். கடையில் இருந்த நான்கு போனிலும் ஒரே படத்தைத் திறந்து வரிசையாக வைத்தேன். நான்கு செவ்வாய்கள் இருந்தன. பதினேழு வருஷமாகப் பெயின்ட் கலக்குகிறவளிடம் திரையைக் காட்டி இதுதான் நிறம் என்றால் எப்படி? நீ உன் அலுவலகத் தாளில் அச்சடித்து அனுப்புவதுதான் எனக்குக் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பார்த்தேன். மணல் மடிப்பு மடிப்பாக, துணி காயப்போட்டு எடுக்க மறந்ததுபோல் கிடக்கிறது. அதன்மேல் ஆமையின் சக்கரத் தடம். இடதுபக்க ஓரத்தில், சக்கரம் ஏறி இறங்கிய இடத்தில், ஒரு சின்னக் கல் அரைவிரல் நகர்ந்திருக்கிறது. அது முன்பு இருந்த குழி பக்கத்திலேயே தெரிகிறது. எத்தனை காலம் ஒரே இடத்தில் கிடந்ததோ, உங்களால் அதற்கு ஒரு மாறுதல். இதை நினைத்துக்கொண்டே இருந்ததில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

உன் அத்தானிடமும் காட்டினேன். ரோடு போடுகிறவர் கண்ணுக்கு எது தெரியும்? "ஜல்லி தரமா இருக்கு. ஒரு ரோலர் விட்டா தார் ஊத்திடலாம்" என்றார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ஆமையும் நலம். அத்தானின் முதுகுவலியும் நலமாக இருப்பது அறிந்து வருத்தம்.

நீ சொன்ன கல்லை இங்கே யாரும் பார்க்கவில்லை. பதினோரு பேர் அந்தப் படத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழி இருக்கிறது, கல் நகர்ந்திருக்கிறது. பிரிவுத் தலைவரிடம் சொன்னேன். "உங்க அக்கா எந்த நிறுவனத்துல இருக்காங்க?" என்றார். பெயின்ட் கடை என்றேன். பேச்சை மாற்றிவிட்டார்.

நிறத்தைப் பற்றி எழுதியிருந்தாயே, அது எப்படி வருகிறது என்று சொல்கிறேன். ஆமை அனுப்புவது எல்லாம் சாம்பல் நிறம்தான். ஒரே காட்சியைச் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள் வழியாக மூன்று முறை எடுக்கும். அவற்றை ஒன்றின்மேல் ஒன்று வைத்து நிறம் வரவழைப்பது என் வேலை. சரியாக வந்ததா என்று பார்க்க ஆமையின் முதுகில் ஒரு கலர் தட்டு ஒட்டியிருக்கிறது, உன்னிடம் இருக்கும் படத்தின் ஓரத்தில்கூடத் தெரியும். உன் ஷேட் கார்டு மாதிரிதான், ஆறு கட்டம். அதில் தூசி படிந்துகொண்டே போகிறது. அந்தத் தூசியைக் கழித்துத்தான் நிறம் பார்க்கிறேன். ஆக, நீயும் நானும் ஒரே தொழில். உனக்கு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

இத்துடன் ஓர் அந்திப் படம். பின்னால் பென்சிலில் நாள் எண் போட்டிருக்கிறேன்: நாள் 569. அது ஆமை அங்கே இறங்கிய பிறகான செவ்வாய் நாள். சூரியனைச் சுற்றியிருக்கும் நீலம் நான் போட்டது இல்லை. அங்கே பகலில் வானம் மங்கிய பழுப்பு, அந்தியில் சூரியன் பக்கம் நீலம். எல்லாம் தூசியின் வேலை.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நாங்கள் நலம். உன் நலமும் ஆமையின் நலமும் தொடர வேண்டும்.

அந்த நீலத்தை நான் கலக்கிப் பார்த்தேன். மூன்று நாள் ஆனது. வெள்ளையில் ஒரு சொட்டு நீலம், அதை அடக்க அரைச் சொட்டு கறுப்பு, கடைசியில் ஊசி முனையில் தொட்டு எடுத்த மஞ்சள். ஓர் அட்டையில் பூசி, காய்ந்த பிறகு படத்தின் பக்கத்தில் வைத்தேன். படம் எங்கே முடிகிறது, அட்டை எங்கே தொடங்குகிறது என்று முதலாளிக்குத் தெரியவில்லை. "இதுக்கு ஒரு பேர் வச்சு விக்கலாமே" என்றார். இது விற்பனைக்கு இல்லை என்றேன். அவருடைய கடையில் அவரிடமே சொன்னேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

இப்போது விஷயம். கடைக்குப் பின்தெருவில் இருக்கும் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை வந்தார். முன்சுவரில் உலக வரைபடம் இருந்தது. மழையில் பாதி நாடுகள் உரிந்துவிட்டன. அதை அழித்துவிட்டு நாற்பது அடி நீளத்துக்குச் செவ்வாயின் தரையை வரைய வேண்டுமாம். பிள்ளைகளே வரைவார்கள், நிறம் மட்டும் நான் கலக்கித் தர வேண்டும். சுவருக்குக் கீழே "செவ்வாயின் உண்மையான நிறம்" என்று எழுதப் போகிறார்கள். "உண்மையான" என்பது தலைமையாசிரியை சேர்த்தது. வேண்டாமே என்றேன். "உங்க தம்பி அங்கதானே இருக்காரு, அப்புறம் என்ன பயம்?" என்றார்.

ஆகவே எனக்குத் தரையின் படம் ஒன்று வேண்டும். நடுப்பகல் வெளிச்சம், கிட்டத்தில், கலர் தட்டும் தெரியும்படி. வானம் எனக்கு, தரை பள்ளிக்கூடத்துக்கு.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே வேலை சற்றுக் கூடுதல். கூட்டங்கள் நிறைய. ஒரு கூட்டத்தில் எதைப் பற்றிப் பேசக் கூடாது என்று முடிவு செய்வதற்கே அரைநாள் ஆகிறது.

நீ கேட்ட தரைப் படங்கள் இரண்டு வைத்திருக்கிறேன். நடுப்பகல், கிட்டத்தில், கலர் தட்டுடன். இரண்டாவது படத்தில் இருக்கும் முக்கோணக் கல் உனக்குப் பிடிக்கும். குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது.

பள்ளிக்கூடத்துச் சுவர் நல்ல யோசனை. பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நாங்கள் நலம். நீ நலம் என்று எழுதியிருக்கிறாய். ஆமையைப் பற்றி எழுதவில்லை. அவசரத்தில் விட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன்.

படங்கள் கண்ணாடி மாதிரி இருக்கின்றன. மணலைத் தனித்தனியாக எண்ணலாம். அந்த முக்கோணக் கல்லைப் பற்றி ஒரு கடிதம் முழுக்க எழுதலாம், எழுதுவேன். முதலில் சில சந்தேகங்கள். தப்பாக நினைக்காதே, தொழில் புத்தி.

ஜனவரியில் வந்த சக்கரத் தடப் படத்தில் கலர் தட்டின்மேல் தூசி அப்பியிருந்தது. இதில் தட்டு இப்போதுதான் துணியால் துடைத்தமாதிரி இருக்கிறது. அங்கே துடைக்க யார் இருக்கிறார்கள்?

ஜனவரிப் படத்தில் கல்லின் நிழல் பழுப்பு. வெயில் படாத இடத்துக்கு வெளிச்சம் தருவது வானம். வானம் பழுப்பு என்றால் நிழலும் பழுப்பு. இதில் நிழல் நீலமாக இருக்கிறது, நம் கடை வாசலில் விழும் நிழல் மாதிரி. இரண்டு படத்திலும் வானமே இல்லை. பின்னால் நாள் எண்ணும் இல்லை.

போதாததற்கு உன் அத்தானும் படத்தைப் பார்த்த உடனே, "இது செங்கப்பொடி" என்றார். "உங்களுக்கு எதைப் பார்த்தாலும் ரோடுதான், கல்லுதான். செவ்வாய்க் கிரகத்துல சூளை வச்சிருக்காங்களா?" என்று சத்தம் போட்டேன். மனிதர் செருப்பைத் தேடிப் போய்விட்டார்.

பதில் எழுது. பிள்ளைகள் சுவரைச் சுரண்டி முடித்துவிட்டார்கள்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ஆமையும் நலம். சென்ற கடிதத்தில் விட்டுப்போய்விட்டது.

உன் கண்ணுக்கு இங்கே வேலை போட்டுக் கொடுக்கலாம். தட்டு சுத்தமாக இருப்பதற்குக் காரணம் காற்று. அங்கே சுழல்காற்று அடிக்கடி வரும். மார்ச்சில் ஒன்று ஆமையின் மேலேயே ஏறிப் போனது, முதுகைப் பெருக்கிவிட்டதுபோல் தூசியெல்லாம் போய்விட்டது. இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது, இங்கே எல்லாருக்கும் தெரியும்.

நிழலுக்குக் காரணம் நாங்கள்தான். கல் ஆராய்ச்சிக்காரர்கள் தங்களுக்குப் பூமி வெளிச்சத்தில் பார்த்துப் பழக்கம் என்று சொன்னதால், படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் திருத்துகிறோம். அதில் நிழல் நீலம் பக்கம் சாயும். வானம் இல்லாததற்குக் காரணம், ஆமையைத் தலைகுனிந்து கல்லைப் பார் என்று சொல்லியிருக்கிறார்கள். நாள் எண் 634. எழுத மறந்துவிட்டேன்.

அத்தானிடம் செங்கப்பொடி என்று சொன்னதற்காகக் கோபப்பட வேண்டாம். இரண்டிலும் சிவப்புக்குக் காரணம் இரும்புதான்.

அன்புடன்,
தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நாங்கள் நலம். நீயும் ஆமையும் நலம் என்று படித்ததில் நிம்மதி.

நீ சொன்னவை எல்லாம் புரிகிறது. ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது. வழக்கமாகப் பதினைந்து நாளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறவன் இந்தத் தடவை ஒன்பதே நாளில் எழுதிவிட்டாய், அதுவும் சந்தோஷம்.

இருந்தாலும் கை ஓடவில்லை. இரண்டு டின் கலக்கி வைத்திருக்கிறேன். ஒன்று உன் புதிய படத்தைப் பார்த்துக் கலக்கியது. நல்ல சிவப்பு, பளிச்சென்று இருக்கிறது. தலைமையாசிரியைக்குப் பிடித்துவிட்டது. மற்றது ஜனவரிப் படத்தைப் பார்த்து, தட்டில் இருந்த தூசியைக் கழித்து, நானே கலக்கியது. அதில் சிவப்பு குறைவு, மஞ்சளும் சாம்பலும் அதிகம். பார்த்தால் உற்சாகம் வராது. முதல் டின்னின் மேல் "தம்பி" என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவதின் மேல் "கண்" என்று எழுதியிருக்கிறேன்.

என் கண் இரண்டாவதைத்தான் எடு என்கிறது. பதினேழு வருஷத்தில் அது என்னை ஏமாற்றியதில்லை. நீயும் ஏமாற்றியதில்லை, உன் வருஷம் முப்பத்தெட்டு. நாற்பது அடிச் சுவர், இருநூறு பிள்ளைகள், கீழே "உண்மையான" என்று ஒரு சொல். நீ எந்த டின் என்று சொல்கிறாயோ அதைத் திறக்கிறேன். விளக்கம் வேண்டாம், ஒரு வரி போதும்.

அன்புடன்,
அக்கா


மே 13

அக்காவுக்கு,

நலம், நலம். புதிய படத்தில் இருப்பதுதான் சரியான நிறம். யோசிக்காமல் போடு. நான் பொறுப்பு.

தம்பி


ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லாரும் நலம். உன் நலமும் ஆமையின் நலமும் அறிய ஆவல். மே மாதம் நீ அஞ்சலட்டையில் எழுதிய அந்த ஒரு வரிக்குப் பிறகு கடிதம் வரவில்லை.

சுவர் முடிந்தது. நேற்றுத் திறந்தார்கள். நாற்பது அடிக்கும் உன் நிறம். தெருமுனையிலிருந்தே தெரிகிறது. நடுவில் அந்த முக்கோணக் கல்லை ஆள் உயரத்துக்கு வரைந்திருக்கிறார்கள், வெள்ளைக் கோடு உட்பட. அதற்குப் பிள்ளைகள் "தொப்பி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். இப்போது பள்ளிக்கூடத்தில் ஒருவரிடம் ஒருவர், "தொப்பிகிட்ட நில்லு, வரேன்" என்கிறார்கள். செவ்வாயில் ஓர் இடத்தைச் சொல்லிச் சந்தித்துக்கொள்ளும் முதல் மனிதர்கள் இவர்களாகத்தான் இருப்பார்கள்.

என்னையும் மைக்கில் பேசச் சொன்னார்கள். எனக்கு மைக் பழக்கமில்லை. "இந்த நிறத்துல எனக்கு முதல்ல சந்தேகம் இருந்துச்சு. என் தம்பிகிட்ட கேட்டேன். அவன் பொறுப்புன்னு எழுதிக் குடுத்தான். அதனால போட்டேன்" என்றேன். கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து, "உங்க தம்பி அங்க போயிருக்காரா?" என்று கேட்டாள். போகவில்லை, ஆனால் அங்கே என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்பது அவன்தான் என்றேன். "அப்போ பொய் சொன்னா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தலைமையாசிரியை அவளை உட்காரச் சொன்னார்.

உன் அத்தான் சுவரை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, "பூச்சு நல்லா இருக்கு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஏப்ரலில் நான் போட்ட சத்தம் இன்னும் வேலை செய்கிறது.

விடுப்பு கிடைத்தால் வந்து பார். தொப்பிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 3

தம்பிக்கு,

இங்கு நாங்கள் நலம்.

காலையில் உன் அத்தான் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தவர், "ஏம்மா, உன் தம்பியோட வண்டி பேச்சு நின்னு அஞ்சு மாசமாச்சாமே. அப்போ ஏப்ரல்ல வந்த படத்தை யாரு எடுத்தது, ஆவியா?" என்றார். கிண்டலாகத்தான் கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பத்திரிகையை மடித்துவிட்டார். நான் வாங்கிப் பிரித்தேன்.

பிப்ரவரி 19-ஆம் தேதியிலிருந்து ஊர்தியிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழே ஒரு படம். உங்கள் அலுவலகத்தின் பின்புறம், சோதனை முற்றமாம். பூமியில் வைத்திருக்கும் இரண்டாவது ஆமை நிற்கிறது. அதன் முதுகில் கலர் தட்டு, சுத்தமாக. பக்கத்தில் உங்கள் இயக்குநர் வருத்தமான முகத்துடன் நிற்கிறார். ஒரு காலைக் கல்மேல் தூக்கி வைத்திருக்கிறார். முக்கோணக் கல். குறுக்கே வெள்ளைக் கோடு.

அது தொப்பி.

இதற்கு என்ன விளக்கம் என்று கேட்கவில்லை. உன்னிடம் விளக்கம் இருக்கும். எனக்கு வேண்டியது என்ன நடந்தது என்பது.

அக்கா


ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமில்லை.

பிப்ரவரி 19 அன்று ஆமை ஒரு படத்தை அனுப்பத் தொடங்கியது. பாதி வந்தது. மீதி வரவில்லை. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. தினமும் கூப்பிட்டோம். இயக்குநர் எல்லாரையும் உட்கார வைத்து, முறையான அறிவிப்பு வரும்வரை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்றார். எப்படி அறிவிப்பது என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழுவில் யார் யார் என்று முடிவு செய்ய இன்னொரு குழு. ஜூலை ஆகிவிட்டது.

உன் பிப்ரவரிக் கடிதம் ஆமை நின்ற மறுநாள் வந்தது. தரைப் படம் கேட்டிருந்தாய். என்ன எழுதுவது என்று தெரியாமல் மார்ச் முழுவதும் வைத்திருந்தேன். பழைய படத்தை அனுப்பியிருக்கலாம். அதில் எல்லாம் தட்டில் தூசி. நீ தட்டு தெரியும்படி கேட்டிருந்தாய். சாப்பாட்டு இடைவேளையில் முற்றத்துக்குப் போய் இரண்டு படம் எடுத்தேன். இதை மட்டும் அனுப்பிவிட்டு, பிறகு நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ தட்டைப் பற்றிக் கேட்டாய், நிழலைப் பற்றிக் கேட்டாய். ஒவ்வொரு கேள்விக்கும் என்னிடம் நல்ல பதில் இருந்தது. அதுதான் வினையாகப் போனது.

முற்றத்து மண் அத்தான் சொன்னதுதான். மூன்று லாரி செங்கல் தூள், சூளையிலிருந்து வந்தது. அந்தக் கல், கேன்டீன் வண்டி சரிவில் உருண்டுவிடாமல் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்தது. யாரோ முற்றத்துக்குள் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

உன் கடிதம் நின்றுவிடும் என்று பயம் எனக்கு. இங்கே யாரும் யாருக்கும் எழுதுவதில்லை. படம் இல்லையென்றால் நீ எதைப் பற்றி எழுதுவாய்?

ஆமை கடைசியாக அனுப்பிய பாதிப் படத்தை வைத்திருக்கிறேன். நாள் 597. இது நிஜம். இதைத்தான் முதலிலேயே அனுப்பியிருக்க வேண்டும்.

மன்னிப்பாயா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

தம்பி


ஆகஸ்ட் 29

தம்பிக்கு,

இங்கு எல்லாரும் நலம். அங்கு நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் என்ன எழுதுவாயோ, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

உங்கள் இயக்குநர் சொல்லாதே என்றுதானே சொன்னார். முற்றத்தில் போய்ப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பு என்றா சொன்னார்? நீ ஒரு வரி எழுதியிருக்கலாம்: "இப்போது படம் இல்லை, காரணம் கேட்காதே." கேட்டிருக்க மாட்டேன். அத்தானின் முதுகுவலியைப் பற்றியே நான்கு பக்கம் எழுதுகிறவள் நான். படம் இல்லையென்றால் எதைப் பற்றி எழுதுவேன் என்று கேட்கிறாய்.

ஏப்ரலில் அனுப்பியதைக்கூட விட்டுவிடுவேன். பயத்தில் செய்தாய். மே மாதம் நான் இரண்டு டின்னை வைத்துக்கொண்டு கேட்டேன். உனக்குத் தெரியும் எது சரியென்று. "கண்" என்று ஒரு சொல் எழுதியிருந்தால் உன் பொய்யும் தப்பித்திருக்கும், சுவரும் தப்பித்திருக்கும். அந்த அளவுக்குக்கூட உனக்கு என் பக்கம் வர மனசில்லை. நான் பொறுப்பு என்று எழுதினாய். என் கண்ணை நானே மூடிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியையிடம் சொன்னேன். முழுக்க அழித்து வேறு நிறம் போட்டுத் தருகிறேன் என்றேன். "விடுங்கம்மா, பசங்களுக்குத் தெரியவா போகுது?" என்றார். "எனக்குத் தெரியுமே" என்றேன். கடைசியில் அந்த ஒரு சொல்லை மட்டும் அழிக்க ஒத்துக்கொண்டார். நானே பிரஷ் பிடித்து அழித்தேன். இப்போது "செவ்வாயின்" என்று இருக்கிறது, பிறகு நீளமாக ஓர் இடைவெளி, பிறகு "நிறம்". மைக் பிடித்த அன்று கேள்வி கேட்ட சிறுமி வந்து நின்று பார்த்தாள். "ஏன் அழிக்கிறீங்க?" என்றாள். "தெரியாம எழுதிட்டோம்" என்றேன். அவளிடம் உன்னைப் பற்றிச் சொல்லவில்லை. அது உனக்காக இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

உன் அத்தானிடம் ஏப்ரலில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நான் சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். சொல்லவில்லை. "உன் தம்பி தனியா சாப்பாட்டுக்கு என்ன பண்றானோ" என்றார்.

பாதிப் படம் வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். மேல்பாதியில் வானம், தூரத்தில் ஒரு மேட்டின் விளிம்பு. கீழ்ப்பாதி கறுப்பு. வானத்தின் பழுப்பு சரியாக இருக்கிறதா என்று ஜனவரிப் படத்துடன் வைத்துப் பார்த்தேன். மேட்டின் ஓரத்து நிழலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பழுப்புதான். தாள் அதே தாளா என்று திருப்பிப் பார்த்தேன். 597 என்பதில் 9 நீ எழுதுகிற 9 தானா என்று பழைய படத்தின் பின்புறத்துடன் ஒப்பிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது. நிஜப் படம்தான். ஒரு மணி நேரம் ஆனது.

முடித்து உறையில் போட்ட பிறகுதான், அந்த மேடு எப்படி இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை என்பது தெரிந்தது. திரும்ப எடுத்தேன். கை தானாக நிழலுக்குத்தான் போனது.

வேறு ஒன்றும் இல்லை.

அக்கா